வாப்பாவின் போன் எழும்பும் நேரம்

வாப்பாவின் போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டால், அது எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கும், அதற்குள் அதன் வயிற்றில் என்னென்ன நடக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் தொழிலே அதுதான். கண்டி டவுனில் ஒரு சின்ன நிறுவனத்தில், விலை குறைந்த போன்களில் செயலிகள் ஏன் இப்படி இழுத்துக்கொண்டு திறக்கின்றன என்று பார்த்துச் சொல்லும் வேலை. அந்த அறிவால் எனக்குச் சம்பளம் கிடைத்தது, சொந்தக்காரர்களிடம் கொஞ்சம் மதிப்பும் கிடைத்தது. முஸ்லிம் கடைகளைத் தேடித் தேடி எரித்த அந்த வாரத்தில், ஒரு பின்னேரம் மட்டும், இது ஒன்றும் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். தெரியாதவர்கள் அரைவாசிப் பயத்தோடு தப்பிவிடுகிறார்கள்.

எங்கள் வீடு திகனைக்குப் பக்கத்தில், சந்தியிலிருந்து உள்ளே ஏறும் பாதையில் இருக்கிறது. வாப்பாவுக்கு ஆணி, பெயின்ட், தண்ணீர்க் குழாய் விற்கும் கடை. கடையும் பள்ளிவாசலும் சந்திக்கு அந்தப் பக்கம். போகவும் வரவும் சந்தியைத் தாண்டித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் தேயிலைத் தோட்டத்துக்குள்ளால் சுற்றிக்கொண்டு வரவேண்டும்.

வாப்பாவின் போனைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. நான் வாங்கிக் கொடுத்த புதுப் போன் பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்குள் கிடந்தது. பழசு சாகட்டும், பிறகு பார்ப்போம் என்பார். பழசோ சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. நல்ல நாளிலேயே, அவர் ஒரு நம்பரை எடுப்பதற்குள் நான் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்துவிடுவேன்.

செயலி எழுதுகிறவர்களின் மொழி வேறு, போனின் மூளைக்கு விளங்கும் மொழி வேறு. நடுவில் நின்று மாற்றிக் கொடுக்க ஒன்று வேண்டும். ரன்டைம் என்று அதைச் சொல்வோம். ஆரம்ப காலத்துப் போன்களில் அது, செயலி ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கொடுத்தது. அதனால் எல்லாம் இழுத்தது, பட்டரியும் இறங்கியது. பிறகு வந்தவற்றில், ஒரு செயலியைப் போடும்போதே முழுவதையும் மாற்றி உள்ளே சேமித்து வைத்தார்கள். உம்மா நோன்புக்கு முன்னமே கொத்தமல்லியும் மிளகாயும் வறுத்து இடித்து டின்களில் அடைத்து வைப்பது போலத்தான். சமைக்கும் நேரம் கை சுகமாக இருக்கும். ஆனால் அந்த டின்களை வைக்க அலுமாரித் தட்டில் இடம் வேண்டும்.

வாப்பாவின் போன் அந்த இரண்டாவது தலைமுறை. அதில் இடம்தான் இல்லை. கூட்டாளிமார் அனுப்பிய மார்க்கப் பேச்சுப் பயான்கள், ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கங்கள், யாரோ ஒருவருடைய மகனின் கல்யாண வீடியோ என்று எல்லாம் நிரம்பி வழிந்தது. போதாததற்கு, கடைக்கு வந்த யாரோ போனை வேகமாக்கித் தருகிறேன் என்று மூன்று செயலிகளைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். வேகமாக்க வந்த மூன்றும் மற்றவற்றோடு சேர்ந்து இடத்தைத் தின்றன. மாற்றி வைத்ததைச் சேமிக்க இடமில்லாமல், ஒவ்வொரு முறை போனைப் போடும்போதும் அது முதலிலிருந்து ஆரம்பிக்கும். செயலிகள் தயாராகின்றன என்று ஒரு வரி வரும். எண்பது சொச்சத்தில் ஒன்று, எண்பது சொச்சத்தில் இரண்டு என்று ஊர்ந்து போகும். அது முடியும்வரை கோலும் வராது, மெசேஜும் வராது.

மற்றவர்கள் என்றால், போனை மாதத்துக்கு ஒரு தடவைதான் அணைப்பார்கள். வாப்பா ஒரு நாளைக்கு ஐந்து தடவை அணைப்பார். பள்ளிவாசலுக்குப் போகிற எல்லோரும் சத்தத்தை மட்டும்தான் நிறுத்துவார்கள். இவருக்கு அது போதாது. சத்தம் இல்லாவிட்டாலும் நெஞ்சுப் பையில் துடிக்கிறது, துடித்தால் மனசு கடைக்குப் போய்விடுகிறது என்பார். தொழ முன் கை கால் கழுவி வுளூ எடுக்கப் போகும்போதே பொத்தானை அழுத்திப் பிடித்து, திரை கறுக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். தொழுது முடிந்து செருப்பைப் போடும்போது மறுபடி பொத்தானை அழுத்திப் பைக்குள் போட்டுக்கொள்வார். அது எழும்பியதா இல்லையா என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்த வாரம் உம்மா வீட்டுக்குள்ளேயே அபாயா போட்டுக்கொண்டுதான் சமைத்தார். எந்த நேரம் ஓட வேண்டி வரும் என்று தெரியாது. காணி உறுதிப் பத்திரமும் நகையும் ஒரு பையில் கதவுக்குப் பக்கத்தில் இருந்தன. எரிந்த ரப்பர் மணம் திரைச்சீலையில் ஏறியிருந்தது. தெருவில் ஒரு முச்சக்கர வண்டி வேகத்தைக் குறைத்தாலே நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் பெயர். அந்த வாரம் அந்தக் கோபம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. பயந்து பயந்து தாடை வலித்தது.

ஊரடங்கைச் சில மணித்தியாலங்களுக்கு எடுத்திருந்த ஒரு பின்னேரம் வாப்பா மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் எடுத்தார்.

"இண்டைக்கு ஊட்டுலயே தொழுங்களே" என்றார் உம்மா.

"ஆளே வராட்டி அது என்ன பள்ளி? ஒரு ஸஃப்பாவது, ஒரு வரிசையாவது நிக்க வேணும். கடையையும் ஒருக்காப் பாத்துட்டு, அஸர் தொழுதுட்டு, பெய்த்து வாரேன்."

வாப்பா சொன்னால் சொன்னதுதான்.

அஸருக்குப் பாங்கு சொல்லவில்லை, அந்த நாட்களில் ஒலிபெருக்கியை நிறுத்தி வைத்திருந்தார்கள். நேரத்தைப் பார்த்து, இப்போது தொழுகை தொடங்கியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, பின்வேலிப் பக்கம் யாரோ மெதுவாகக் கூப்பிடுவது கேட்டது. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா. கொடியில் துணி காயப் போடுவது போல நின்று, முகத்தைத் திருப்பாமலே பேசினார். சந்தியில் இரண்டு லொறியில் ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள், யாரும் நம்ம ஊர் ஆட்கள் இல்லை, கையில் பெட்ரோல் கேன்கள் இருக்கின்றன என்றார். "முதலாளியைச் சந்திப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லுங்க, நங்கி" என்று தங்கச்சியிடம் சொல்வது போலச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, ஈரத் துணியைக் கூடைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உடனே வாப்பாவுக்குக் கோல் எடுத்தேன். நீங்கள் அழைத்த இலக்கத்தை இப்போது அடைய முடியாது என்று ஒரு பெண்குரல் சிங்களத்தில் சொன்னது. பிறகு தமிழில் சொன்னது. பிறகு ஆங்கிலத்திலும் சொன்னது. மூன்றையும் கேட்டு முடித்துத்தான் வைத்தேன். நடுவில் வெட்டத் தோன்றவில்லை.

பள்ளி மௌலவியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அதை அவர் அறையில் வைத்துவிட்டுத்தான் தொழவைக்கப் போவார். வேறு யார் பள்ளிக்குப் போயிருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

"சந்தியால வராதீங்க. தோட்டத்துப் பாதையால வாங்க" என்று மெசேஜ் அனுப்பினேன். அதையே மறுபடி அனுப்பினேன். பிறகு எண்ணவில்லை.

உம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்ன செய்யுது?"

"போன் ஓஃப் உம்மா. தொழுறாங்க."

"தொழுது முடிஞ்சா போடுவாங்கதானே?"

"போட்டாலும் எழும்ப வேணும். அது எழும்புறதுக்குள்ள வாப்பா சந்திக்கு வந்துருவாங்க."

"நீ போன் வேலதானே மகள் செய்ற? எழுப்பு."

அந்தச் சொல்லை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எழுப்பு. படித்த படிப்பு, பார்த்த வேலை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, சந்திக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டைப் பைக்குள் கிடக்கும் பழைய போனை எழுப்ப எனக்கு ஒரு வழியும் இல்லை. நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன், தோட்டத்துப் பாதையால் போய்ச் சேரலாம் என்று. உம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது.

"ஒன்னையும் அனுப்பிட்டு, நான் யாருக்காக வாசலப் பாக்குற?"

நின்றுவிட்டேன். சுற்றுப்பாதையில் கால்நடையாக நான் போய்ச் சேர்வதற்குள் எது நடக்குமோ அது நடந்து முடிந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் என் அறிவு என்னைத் தின்னத் தொடங்கியது. இப்போது தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்திருப்பார். இப்போது செருப்பைத் தேடுவார். இப்போது பொத்தானை அழுத்தியிருப்பார். கம்பெனியின் பெயர் திரையில் வந்து நிற்கும். பிறகு உள்ளே ஒரு தாய் வேலை எழும்பும். மற்ற எல்லாச் செயலிகளும் அதிலிருந்துதான் பிறக்கும், அது தனக்குத் தேவையானதையெல்லாம் முதலில் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளும்வரை வேறு எதுவும் அசையாது. பிறகு அந்த வரி. எண்பது சொச்சத்தில் ஒன்று. வாப்பா வண்டியை உதைத்திருப்பார். எண்பது சொச்சத்தில் நான்கு. கடைக்குப் பக்கத்து முடக்கில் திரும்பியிருப்பார். ரோஜாப்பூக்களுக்கும் கல்யாண வீடியோவுக்கும் நடுவில் இடம் தேடி இடம் தேடி அந்தப் போன் திணறிக்கொண்டிருக்கும். ஆபீசில் இதே காத்திருப்பை நாங்கள் படமாக வரைந்து சுவரில் ஒட்டுவோம், ஒரு துண்டைக் குறைத்தால் கேக் வாங்குவோம்.

என் போன் அடித்தது. உம்மா "அல்லாஹ்" என்றார். வாப்பா இல்லை. ஆபீசில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா, பேராதனையில் இருந்து எடுத்தார். எங்களுக்கு அங்கே தங்க இடம் ஒழுங்கு செய்திருப்பதாகச் சொல்லத் தொடங்கினார்.

"அக்கா, வாப்பா வெளிய. சந்தியில ஆக்கள். போன் வேல செய்யல்ல."

"ஓம். நான் வைக்கிறன். லைனை விடுறன். வந்த உடன ஒரு சொல்லுச் சொல்லும்."

அவ்வளவுதான். யுத்தத்துக்குள் வளர்ந்தவர், எப்போது போனை வைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சந்திப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் எழும்பியது. மைதானத்தில் விக்கெட் விழுந்தால் வருமே, அப்படி. அதன் பின்னால் கண்ணாடி உடையும் சத்தம். உம்மா நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். வாய் அசைந்தது, ஓதுவது வெளியே கேட்கவில்லை. நான் மறுபடி மறுபடி அழுத்தினேன். அடைய முடியாது, அடைய முடியாது என்று மூன்று மொழியிலும் சொன்னாள். அவளை எனக்குக் கொல்ல வேண்டும் போலிருந்தது.

பிறகு பாதை ஏற்றத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம். எங்கள் வண்டிச் சத்தம்தான். முதலில் நான் நம்பவில்லை. விரல் தன்பாட்டுக்கு இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தது.

வாப்பா வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். உடம்பில் காயம் இல்லை. தலையில் தொப்பியும் இல்லை. வெறுந்தலையோடு வாப்பா தெருவில் போய் நான் பார்த்ததே இல்லை. தாடி வைக்காதவர், தொப்பியும் இல்லாமல் யாரோ ஒரு வயதான மனிதரைப் போல வாசலில் நின்றார். சட்டைக்குள் கையை விட்டு, கசங்கிய தொப்பியை எடுத்து உம்மாவின் கையில் கொடுத்தார்.

"மறிச்சானுகள்" என்றார். "தூரத்துலயே கண்டு இதக் கழட்டிட்டேன். பேர் கேட்டானுகள். வேற பேர் ஒண்டு சொன்னேன். சிங்களத்துல நல்லாக் கதச்சேன். போகச் சொல்லிட்டானுகள்."

உம்மா தொப்பியை மடியில் வைத்துத் தடவி நேராக்கினார். வாப்பா கதிரையில் உட்கார்ந்தார். அந்த நேரத்தில்தான் அவருடைய சட்டைப் பைக்குள் அந்தப் போன் எழும்பியது. என் விரல் இன்னும் நிறுத்தாமல் அழுத்திக்கொண்டிருந்த கோல்களில் ஒன்று போய்ச் சேர்ந்து, மணி அடிக்கத் தொடங்கியது.

வாப்பாவின் மணி, நபியைப் போற்றும் ஒரு ஸலவாத்து. அரபுக் குரல், முழுச் சத்தத்தில். வீடே நிறைந்தது. அத்தனை நேரமும் அந்த மணி என் நினைவில் ஒரு தடவைகூட வரவில்லை.

வாப்பா இரண்டு கையாலும் பையைப் பொத்திக்கொண்டு எழுந்து கதவைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

"நான்தான் வாப்பா. நான்தான் எடுக்குறேன்" என்று கத்திக்கொண்டு கோலை வெட்டினேன். மணி நின்றது. உடனே மெசேஜ்கள் விழத் தொடங்கின. ஒன்றன் பின் ஒன்றாக, நிற்காமல். சந்தியால வராதீங்க. சந்தியால வராதீங்க. வாப்பா போனைத் தூரப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கி வாசித்தார். எல்லாவற்றையும் வாசித்தார்.

"இது கொஞ்சம் முந்தி, அவனுகள் மறிச்ச நேரம் எழும்பியிருந்தா, மகள்" என்று தொடங்கினார். உம்மா எழுந்து வந்து அவர் வாயைக் கையால் பொத்தினார். நான் பின்பக்கம் ஓடிப் போய், வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.