பவுசியா மேடமும் என் பத்துக் கலரிமீட்டர்களும்

இலுப்பூரில் என் கடைக்கு வந்து ஊமையாகத் திரும்பிய ரேடியோ கிடையாது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் இந்தப் பெரியகருப்பன்; கையைச் சுட்டுக்கொண்டு நானாகக் கற்ற தொழில். ஆனாலும் பவுசியா மேடத்துக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

கோட்டைப்பட்டினத்து மீன் வியாபாரியின் மகள் அவர். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறார். தான் படித்த காலத்தில், கரைசலின் கலர் எவ்வளவு அடர்த்தி என்று அளக்கும் கலரிமீட்டரைத் தள்ளி நின்று பார்த்ததோடு சரியாம். விலை கூடிய கருவி, பிள்ளைகள் கை படக்கூடாதாம். தன் மாணவர்களும் அப்படி எட்டிப் பார்த்துவிட்டுப் போகக்கூடாது என்பதில் அவருக்குப் பிடிவாதம்.

மிக்சி ரிப்பேருக்கு வந்தவர் கேட்டார்: “அண்ணே, இங்கிட்டு சின்ன எல்இடி பல்பு, அங்கிட்டு வெளிச்சத்த அளக்குற சென்சார். நடுவுல கலர்த்தண்ணி. கலர் கூடக்கூட வெளிச்சம் எவ்வளவு கொறையுதுன்னு நம்பர் காட்டணும். முடியுமா?”

“இந்த ஊர்ல என்னைய விட்டா யாரும்மா செய்வா?”

பத்துப் பெட்டி செய்தேன். உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் டப்பா, செல்போன் சார்ஜரில் ஓடும். கடையில் பத்தும் அருமையாக ஓடின.

கல்லூரியில் துறைத் தலைவர் திருமுருகன் வந்து நின்றார். அவர் சரி என்றால்தான் பிள்ளைகள் கைக்குப் போகும். வெறும் தண்ணீரை வைத்தோம்; எண் உச்சத்தில் நிற்க வேண்டும். மையை ஊற்றியதுபோல எண் அடியில் கிடந்தது. பத்திலும் அப்படியே.

“ரேடியோ கடையில குடுத்தா இப்படித்தாம்மா,” என்றார் மேடத்திடம்.

மேடம் பதறவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

“அண்ணே, சென்சார் மேல என்ன மஞ்சளா?”

சந்தனம்! எங்கள் கடையில் புதுச்சாமான் பொட்டு வைக்காமல் வெளியே போகாது. “இதுல எதுங்க முக்கியம்?” என்று காலையில் என் மனைவி சொர்ணம் கேட்டாள். நான்தான் பெருமையாகச் சென்சாரைக் காட்டினேன்.

“அடுத்த தடவ மூடி மேல வைக்கச் சொல்லுங்க மதினிய,” என்று சிரித்தபடி பத்தையும் பஞ்சால் துடைத்தார். எண் விறுவிறுவென்று ஏறியது. மயில்துத்தக் கரைசலை வைத்தோம். நீலம் கூடக்கூட இறங்கியது. திருமுருகன் சார் தங்கள் பெரிய கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் எறங்குது. பிள்ளைகளக் கூப்பிடுங்க.”

அத்தனை பேர் முன்னால், “செஞ்சது இந்த அண்ணன்தான்,” என்றார் மேடம். கெட்டிக்காரன்தான் நான், ஆனால் அதைச் சபையில் எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியுமா?

பிள்ளைகள் மேசைக்கு ஒரு பெட்டியாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் துள்ளினாள்: “மேடம், நானே ஊத்தி நானே பாத்தேன்!”

பவுசியா மேடம் சன்னல் பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.