என் விரலில் வாங்கிய சிம்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னை வீராங்கனை என்று நினைத்துவிடக் கூடாது. மேலே பல்லி விழுந்தாலே காவலுக்கென்று ஆயத்துல் குர்ஸி ஓதுகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் மண்டபம் ஊரில் ஒரு பெரிய போன் கம்பெனியின் ஷோரூமில் ஆறு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து சிம் விற்றேன். என் புருஷன் சவூதியில். வீட்டில் உம்மாவும் நானும் மட்டும்.

சிம் வாங்க வருகிறவர்கள் ஆதாரைக் காட்டி ஒரு சின்ன மெஷினில் விரலை வைக்க வேண்டும். மெஷின் ஒத்துக்கொண்டால்தான் நம்பர். கடலில் பாசி எடுக்கப் போகிற பெண்கள் வந்தால் மட்டும் அது முரண்டு பிடிக்கும். பாறையிலிருந்து பாசியைப் பிய்த்துப் பிய்த்து அவர்களுக்கு ரேகையே தேய்ந்துபோயிருக்கும். விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார்கள், அப்படியும் பாறை விடாது. ஒருநாள் ஒரு அக்கா பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பத்துக்கும் சிவப்பு விளக்குதான்.

"என்ன ஆத்தா, நான் உசுரோட இல்லேங்குதா இது?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. மானேஜர் அறைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் ஆதாரைப் போட்டு, என் விரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

தப்புதான். தெரிந்தேதான் செய்தேன். மானேஜருக்கும் தெரியும். மாசக் கடைசியில் டார்கெட்டை எட்ட வேண்டுமே, கண்டும் காணாத மாதிரி இருந்துவிடுவார். அந்த அக்கா மாசாமாசம் ரீசார்ஜுக்கு வருவார். வரும்போது சும்மா வரமாட்டார், நாலு நண்டு, கொஞ்சம் கருவாடு என்று ஏதாவது இருக்கும். "உம்மாக்குக் குடு" என்பார். நம்பரைக் கேட்கவே வேண்டியதில்லை, எனக்கு மனப்பாடம்.

போன வருஷம் தீவுப்பக்கம் பாசி எடுக்கப் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு சீருடைக்காரர் வயசான அம்மா ஒருவரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். அதை யாரோ போனில் எடுத்துப் போட, ரெண்டு நாளில் ஊர் உலகமெல்லாம் பார்த்தது. மூன்றாம் நாள் காணோம். போட்ட இடத்தில், இந்தியாவில் இதைப் பார்க்க முடியாது என்று ஒரு வரி மட்டும் கிடந்தது. எங்கள் ரோட்டில் நடந்ததை நாங்கள் பார்க்கக் கூடாதாம்!

அடுத்த வாரம் காலை பதினோரு மணிக்கு, மப்டியில் இரண்டு பேர் ஷோரூமுக்குள் வந்தார்கள். மூத்தவர் அதிகாரி என்று நடையிலேயே தெரிந்தது.

"ஆப் கம்பெனிக்காரன் வீடியோ போட்டவங்க நம்பரைக் குடுத்துட்டான். நம்பருக்கு ஆளு யாருன்னு நீங்க குடுங்க" என்று ஒரு சீட்டை மானேஜரிடம் நீட்டினார்.

மானேஜர் கும்பகோணத்துக்காரர், டை கட்டாமல் வெளியே வரமாட்டார். "சார், எழுத்துல ஒரு லெட்டர் வேணும். ரூல் அப்படி" என்றார். அந்த நிமிஷம் அவரைக் கும்பிடலாம் போல இருந்தது.

"மேல பேசியாச்சு. உங்க ஆபீஸ்ல கேளுங்க."

மானேஜர் சென்னைக்குப் போன் போட்டார். "சார், லெட்டர் இல்லாம..." என்று தொடங்கினார். பிறகு "சரி சார்" என்றார். ஆறு தடவை "சரி சார்". போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எடுத்துக் குடுத்துருங்க மேடம்." அவர் தலைக்கு மேலே சுவரில், உங்கள் விவரம் எங்கள் பொறுப்பு என்று கம்பெனி போஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

சீட்டைப் பார்த்தேன். முதல் நாலு எண்ணிலேயே அக்கா நம்பர் என்று தெரிந்துவிட்டது. யா அல்லாஹ்! நம்பரை அடித்தேன். திரையில் என் பெயரும் என் போட்டோவும் வந்தன. அதிகாரி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். "நம்பர் உன்னோடதுதானே?" "ஆமா சார்." "வீடியோ எடுத்தது யாரு?" "தெரியாது சார், சிம் தொலஞ்சு போச்சு." அக்காவைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பாதிக்குப் பாதி என்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன். அடுத்தவருக்காக விரல் வைத்தேன் என்று தெரிந்தால் என் கதி என்ன? மதியம் போனது. ஆயத்துல் குர்ஸி பாதியிலேயே மறந்து மறந்து போனது. மூன்றரை வரைக்கும் "தெரியாது சார்" ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அதிகாரி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குரலே உயரவில்லை.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"சவூதியில சார்."

"பாஸ்போர்ட் எப்ப ரினியூவல்?"

"வர்ற மாசம்."

"வெரிபிகேஷனுக்கு எங்கிட்டதான வரணும்?"

அவ்வளவுதான் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா பெயர், ஊர், தெரு. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடு, நீலக் கதவு என்பதுவரை சொன்னேன். நீலக் கதவை யாருமே கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்கள், நேரம் போட்டார்கள், கையெழுத்துப் போட்டேன்.

ஜீப்புக்கு ஆள் கிளம்புவதற்குள் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினார். என்னைக் கொண்டுபோன சேதி அவர் காதுக்கு எட்டியிருந்தது. பாலித்தீன் பையில் சுற்றிய போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அந்தப் புள்ளைய விடுங்க சார். போனு என்னுது, படம் புடிச்சதும் நாந்தேன். அது ஒரு பாவமும் அறியாது."

அதிகாரி என்னைப் பார்த்தார். சொல்லிவிடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் லேசாகச் சிரித்ததோடு சரி. அந்தச் சிரிப்புக்குப் பதில் ஒரு அறை வாங்கியிருக்கலாம்.

அக்காவுக்குக் கையெழுத்துத் தெரியாது. பெருவிரலில் மை தடவி வைக்கச் சொன்னார்கள். நீலமாக ஒரு திட்டு விழுந்தது, கோடே இல்லை. "அழுத்தி வைம்மா" என்றார் எழுதுகிறவர். மூன்று தடவை வைத்தும் திட்டுதான். "ரேகை வேணும்னா பாறையில போயித் தேடுங்க சார்" என்றார் அக்கா.

அக்காமேல் வழக்குப் போட்டு, எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார்கள். கம்பெனி எனக்கு ஒரு கடிதம் கொடுத்து வேலையை விட்டு நிறுத்தியது. விதியை மீறிவிட்டேனாம்! லெட்டர் இல்லாமல் பெயரைக் கொடுத்தது எந்த விதியோ?

பெரிய கம்பெனிகள் அரசாங்கத்துக்கு வளைந்து கொடுக்கலாமா, எதிர்த்து நிற்க வேண்டுமா என்று டிவியில் நாலு பேர் கத்திக்கொண்டிருந்தால் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர்களுக்கு வக்கீல் கூட்டம் இருக்கிறது, மாடி மாடியாகக் கட்டிடம் இருக்கிறது. ஒரு காகிதம் கொண்டா என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும், எங்கள் இரண்டு பேரில் ஒருவரும் அந்த ஸ்டேஷன் படி ஏறியிருக்க மாட்டோம். அந்த ஒரு சொல்லுக்கு அவர்களுக்குத் துப்பில்லை. திட்டுவேன், நன்றாகவே திட்டுவேன். பாதியில் நீலக் கதவு நினைவுக்கு வரும், அத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

அக்கா ராமநாதபுரத்துக் கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போய்வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் இறங்குவார். உம்மாவிடம் சொல்வார்: "ஒம் மக நாலு மணி நேரம் வாயத் தொறக்கலம்மா. உசுரே போனாலும் காட்டிக் குடுக்க மாட்டா." உம்மாவுக்குப் பெருமை தாங்காது. நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே ஓடிவிடுவேன்.

போன வாய்தாவில் வழக்குக் காகிதங்களின் நகலைக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா நேராக என்னிடம் வந்து மடியில் வைத்தார்.

"நீதான் படிச்சுச் சொல்லணும் ஆத்தா. வேற யாரையும் நம்ப மாட்டேன்."

படித்தேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கத்தில் என் பெயர் இருந்தது. மாலை மூன்று நாற்பத்தைந்து என்று நேரம். தண்ணீர்த் தொட்டி. நீலக் கதவு. அக்கா எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன்.

"அவ்வளவுதான்க்கா. வேற ஒண்ணுமில்ல."

அக்கா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை வக்கீலிடம் கொடுக்கப் போகிறாராம். வக்கீலுக்குப் படிக்கத் தெரியும்.