அம்மாவுக்குக் காட்டிய மலைகள்

டென்மார்க்கில் ஓர் ஆள் இறந்துபோனால் கொடியை அரைக்கம்பத்தில் ஏற்றுகிறார்கள். பெரிய மனிதர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இக்காஸ்ட்டில் நாங்கள் இருக்கும் குடியிருப்பின் முற்றத்தில் ஒரு வெள்ளைக் கம்பம் உண்டு. மூன்றாம் மாடியில் தனியே இருந்த, துணி ஆலையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற மனுஷிக்கும் அதில் அதே மரியாதைதான். காலையில் கொடி பாதியில் நிற்கும். வேலைக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, யார் என்று விசாரிப்பார்கள். அடக்கம் முடிந்ததும் கொடியை உச்சிக்கு இழுத்துவிட்டு எல்லோரும் கோப்பி குடிக்கப் போய்விடுவார்கள். சென்ற மாதம் அப்படி ஒரு காலை. ஆறு வயதான என் மகள் மாயா சைக்கிளின் பின்னால் இருந்துகொண்டு, யார் செத்தது என்று கீழ்வீட்டுப் பெண்ணிடம் டேனிஷில் உரக்கக் கேட்டாள். அந்தப் பெண் பெயரைச் சொன்னாள். "என்னுடைய பெரியப்பாவும் செத்துப்போனார், ஆனால் அது இரகசியம்" என்றாள் மாயா. அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சாவை எப்படி இரகசியமாக வைத்திருப்பது, ஏன் வைத்திருப்பது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஏதோ சட்டத்துக்கு மாறான காரியம் நடந்திருக்கிறது என்றுதான் நினைத்திருப்பாள். நான் சிரித்துச் சமாளித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

எங்கள் தமிழ் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வருத்தக்காரருக்கு, அதாவது நோயாளிகளுக்கு, சாவுச் செய்தி சொல்லக்கூடாது என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. கனடாவில் தம்பி செத்தது ஜெர்மனியில் டயலிசிஸ் செய்கிற அக்காவுக்கு ஒரு வருடம் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லோரும் அவளோடு சிரித்துக் கதைப்பார்கள். அதை நாங்கள் பாசம் என்று சொல்லிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். எழுபத்திரண்டு நாட்கள், ஐந்து நாடுகளிலும் பிறகு வீட்டிலும் இருந்து சொன்னேன்.

பயணம் என் மனைவி மதுராவின் ஆசை. அவள் ஒடென்சேயில் பிறந்தவள், முதியோர் பராமரிப்பில் வேலை. மாயா ஆகஸ்ட்டில் பள்ளிக்கூடம் தொடங்குவாள், அதற்கு முன் ஓர்லவ் எடுத்துக்கொண்டு, முதுகுப்பையும் ரயில் பாஸுமாக ஐரோப்பாவைச் சுற்ற வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓர்லவ் என்றால் சம்பளமில்லாத நீண்ட விடுப்பு. நான் வேலைசெய்யும் தளபாடத் தொழிற்சாலையில் மேலாளர் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார். அம்மாதான் வாயைப் பிளந்தார். "வீடு வாசல் இருக்கிற ஆக்கள் ஏன் ரோட்டிலை படுக்கப் போறியள்? பிள்ளைக்கு ஏதும் ஒண்டு நடந்தால்?" என்றார். அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு பழுது, மே கடைசியில் ஓகூஸ் ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் என்று நாள் குறித்திருந்தார்கள். இக்காஸ்ட்டில் அம்மாவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் உடன்பிறந்த வசந்தி அக்கா, தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எங்களை அனுப்பிவைத்தாள்.

பிரான்ஸில் லியோன் நகரில் அண்ணை வீட்டில் ஐந்து நாள் நின்றோம். அண்ணை எனக்குப் பன்னிரண்டு வயது மூப்பு. அப்பா, அவர் இப்போது இல்லை, முதலில் டென்மார்க் வந்து எங்களைக் கூப்பிட்டபோது அண்ணைக்குப் பத்தொன்பது. பதினெட்டைத் தாண்டிய பிள்ளையைக் கூப்பிட இந்த நாட்டில் சட்டமில்லை. நாங்கள் நாட்டைவிட்டு வந்த நாள், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்னுடைய சின்னப் பையைக் கடைசிவரை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். கண்ணாடிக் கதவுக்கு அங்கால் அவனை விடவில்லை, பையை என் தோளில் மாட்டிவிட்டான். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்து ஒரு வெள்ளைக்காரனோடு மோதினார். அந்த மனிதனிடம் மன்னிப்புக் கேட்டதுதான் அம்மா பேசிய முதல் ஆங்கிலம். பிறகு அண்ணை பல வருடம் அலைந்து, களவாக ஆட்களை எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரர் கைமாறி, பிரான்ஸில் வந்து ஒதுங்கினான். ஒரு உணவகத்தில் சமையல். கலியாணம் கட்டவில்லை. வருடத்துக்கு ஒருமுறை இக்காஸ்ட் வருவான். ஒவ்வொரு முறையும் அவன் திரும்பிப் போன பிறகு அம்மா இரண்டு நாள் எழும்பமாட்டார். விட்டுவிட்டு வந்த பிள்ளை என்ற நினைப்பு அம்மாவுக்கு ஒருநாளும் ஆறவில்லை.

எங்கள் முதுகுப்பைகளைக் கண்டதும் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தான். "ஆமி துரத்தாமலே பை தூக்கி ஓடுற சாதி நீங்கள்தான்" என்றான். மாயாவைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரை முழுக்கத் திரிந்தான். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை, அவள் டேனிஷ், அவன் பிரெஞ்சும் தமிழும். ஆனாலும் சத்தம் ஓயவில்லை. நாங்கள் மார்செய் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அவனுடைய உணவகத்தில் இருந்து அழைப்பு வந்தது. மதியச் சமையல் நடுவில் அடுப்படியில் விழுந்திருக்கிறான். ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. இதயம். அம்மாவிடம் இருந்து எடுத்துக்கொண்டு போன ஒன்று அதுதான் போலிருக்கிறது.

அக்காவுக்கு நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சீறிவிட்டு, "அம்மாவுக்கு ஒப்பரேசன் முடியுமட்டும் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. நான் அங்கை வந்தனெண்டால் அம்மா ஏன் எண்டு கேப்பா. நான் வரேல்லை. நீ செய்" என்றாள். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. நாங்களே டாக்டரானோம். மதுரா ஒருத்திதான் மறுத்தாள். "அவவின்ரை மகன். அவவுக்குத் தெரிய வேணும். நான் வேலைசெய்யிற இடத்திலை தொண்ணூறு வயசு ஆக்களுக்கும் நாங்கள் சொல்லுறனாங்கள்" என்றாள். "உது டேனிஷ்காரருக்கு" என்று எரிந்து விழுந்தேன். மாயாவுக்கு மட்டும் அவள் தன் முறையிலேயே சொன்னாள். தூங்குகிறார், சாமியிடம் போனார் என்று சுற்றி வளைக்காமல், பெரியப்பா செத்துப்போனார், அவருடைய இதயம் நின்றுவிட்டது, இனி வரமாட்டார் என்று.

லியோன் திரும்பி அண்ணையை எரித்த பிறகு, வழக்கப்படி மீசையை வழித்தேன். திரும்பி வீட்டுக்குப் போகலாம் என்றால், பயணத்தைப் பாதியில் விட்டு மொட்டை முகத்தோடு வந்து நிற்பவனை அம்மா ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே ரயில் ஏறினோம். பார்சலோனா, லிஸ்பன், பிறகு இத்தாலி, ஸ்லோவேனியா. மே கடைசியில் ஒப்பரேசன் முடியும், ஜூனில் திரும்பலாம் என்பது கணக்கு. அம்மாவின் கடைவாய்ப் பல்லில் சீழ் இருக்கிறது, அது ஆறாமல் நெஞ்சைத் திறக்க முடியாது என்று ஒப்பரேசனை ஜூலைக்குத் தள்ளினார்கள். நாங்களும் பயணத்தை ஜூலைக்குத் தள்ளினோம். முகாம் ஒன்றில் கூடாரம் அடித்திருந்த ஒரு டேனிஷ் இளம்சோடி, சின்னப் பிள்ளையோடு இவ்வளவு காலம் திரிவதற்குத் துணிச்சல் வேண்டும், நீங்கள் வாழ்க்கையை வாழ்கிறீர்கள் என்று எங்களைப் பாராட்டியது. நன்றி என்றேன்.

அம்மா ஒவ்வொரு நாளும் வீடியோவில் வருவார். நான் கமராவை மலைப் பக்கம் திருப்பிவிட்டுக் கதைப்பேன். "மலையை எனக்கு ஏன் காட்டுறாய்? உன்ரை முகத்தைக் காட்டடா" என்பார். வெயிலில் திரை தெரியவில்லை என்பேன். பிள்ளை எங்கே என்று கேட்டால், நித்திரை. பிள்ளை நித்திரை இல்லை. என் காலடியில் நின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். பேர்னஹேவ, அதுதான் அவளுடைய பாலர் பள்ளி, அங்கே பிள்ளைகளுக்கு இரகசியம் இரண்டு வகை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிறந்தநாள் பரிசுபோல மனத்துக்குச் சந்தோசம் தருவது நல்ல இரகசியம். வயிற்றைப் பிசைவது கெட்ட இரகசியம், அதைப் பெரியவர்களிடம் உடனே சொல்ல வேண்டும். இது எந்த வகை என்று மாயா என்னைக் கேட்டாள். நல்லது என்றேன். "எனக்கு வயிறு பிசைகிறதே" என்றாள். அதன்பிறகு போன் அடித்தால் தானே எழும்பிக் கூடாரத்துக்குள் போய்விடுவாள்.

அண்ணையின் போனும் என் பையில்தான் இருந்தது. மலை உணவகத்தில் சீசன் வேலை, அங்கே கதைக்கிற அளவுக்குச் சிக்னல் கிடையாது, செய்தி மட்டும்தான் போகும் என்று அக்கா ஒரு கதை கட்டியிருந்தாள். அம்மாவுக்குப் போனில் எழுத வராது. குரலில் அனுப்புவார். அந்தக் குரல்கள் செத்தவனின் போனில் வந்து விழும். லுப்லியானா ரயில் நிலையத்தில் ஒரு பிற்பகல், மர வாங்கில் உட்கார்ந்து அவற்றில் ஒன்றைக் கேட்டேன். "ராசா, இண்டைக்குக் கோயிலுக்குப் போனனான். உன்ரை பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்விச்சனான். நீ நல்லா இருக்க வேணும் எண்டு. பாயாசம் தந்தவை, நல்ல ருசி." அண்ணை செத்து இருபது நாள். துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, உள்ள வீட்டுக்காரி கோயில் படி மிதித்து, இல்லாத பிள்ளைக்கு ஆயுள் கேட்டுவிட்டு, பாயாசமும் குடித்திருக்கிறார். நான் அண்ணையின் பெயரில் பதில் எழுதினேன்: ஓம் அம்மா, சுகமாய் இருக்கிறன், வேலை கூடிப்போச்சு. எழுதி அனுப்பிவிட்டு மதுராவுக்குத் தெரியாமல் போனைப் பையின் அடியில் திணித்தேன்.

ஒப்பரேசன் நன்றாக நடந்தது. இக்காஸ்ட் திரும்பி மூன்று கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, அக்காவும் நானும் அம்மாவின் இரண்டு பக்கமும் இருந்து சொன்னோம். அம்மா குழறி அழுவார் என்று மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தோம். அம்மா குழறவில்லை. "எந்த நாள்?" என்று கேட்டார். சொன்னோம். சுவரில் இருந்த நாள்காட்டியைக் கழற்றித் தரச் சொல்லி, விரலால் நாட்களைத் தொட்டுத் தொட்டுப் போனார். "அண்டைக்கு நான் மீன் காய்ச்சினனான்" என்றார். பிறகு, "இது அர்ச்சனை செய்விச்ச நாள்" என்றார். பிறகு நாள்காட்டியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"எனக்கு நோகக் கூடாதெண்டு செய்தியளாக்கும். என்ரை பிள்ளை செத்ததுக்கு எனக்கு நோகத்தானே வேணும்? அதையும் என்னட்டை இருந்து எடுத்துப்போட்டியளே."

அக்கா காலில் விழுந்து அழுதாள். அம்மா அவளைத் தொடவில்லை. என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "ஆர் கொள்ளி வைச்சது?"

"நான்தான் அம்மா."

அம்மா தலையை ஆட்டினார். அந்த ஒரு சொல்லில்தான் அவர் கொஞ்சமாவது சாய்ந்து இருந்தார் என்று எனக்குத் தெரிந்தது.

இரண்டு கிழமை எங்களில் ஒருவரோடும் அம்மா கதைக்கவில்லை. அக்கா கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. பிறகு மதுராவுக்குப் போன் எடுத்தார். "அந்தப் பிள்ளை ஒண்டுதான் எனக்குப் பொய் சொல்லேல்லை. அவளைக் கூட்டிவரச் சொல்லு. எல்லாத்தையும் அவள் சொல்லட்டும்." நான் கூட்டிக்கொண்டு போனேன், மொழிபெயர்க்க. மாயாவுக்குத் தமிழில் வீட்டுச் சொற்கள் சில மட்டும் விளங்கும், இப்படியான விசயம் விளங்காது, சொல்லவும் வராது. அம்மாவின் டேனிஷ் துணி ஆலையில் படித்த டேனிஷ். நூல், ஊசி, இடைவேளை, கெதியாய் என்பவை தெரியும். சவப்பெட்டி, சாம்பல் என்பவை தெரியாது.

"அவள் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. கூட்டாதை, குறைக்காதை" என்றார் அம்மா.

மாயா சொன்னாள், நான் சொன்னேன். பெரிய மண்டபம். பெரியப்பா பெட்டிக்குள் நித்திரைபோல இருந்தார், ஆனால் அது நித்திரை இல்லை. முகம் வெள்ளையாக இருந்தது. அப்பா அரிசி போட்டார், நானும் போட்டேன். பெட்டியை மூடினார்கள். அடுத்த அறையில் ஒரு சின்னக் கதவும் சுவரில் ஒரு பொத்தானும் இருந்தன. அப்பாதான் அதை அமத்த வேண்டும் என்று அம்மா, அதாவது மதுரா, சொல்லியிருந்தாள். அந்த நேரம் அப்பாவின் போன் அடித்தது. அப்பம்மா.

மாயா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த அறையில் அந்தக் கணம் என்னைத் தவிர இரண்டு பக்கமும் விளங்கிய ஆள் யாரும் இல்லை. என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். எழுபத்திரண்டு நாள் சொன்னவனுக்கு இன்னும் ஒரு வசனம் பெரிய பாரமில்லை.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"என்ரை போன் அடிச்சதாம். நீங்கள்தான். நான் எடுக்காட்டி நீங்கள் பயப்பிடுவியள் எண்டு வெளியிலை போனனான். கடற்கரையிலை நிக்கிறம் எண்டு சொன்னனான்." தொடர்ந்து சொன்னேன். "அங்கை எல்லாம் நேரக் கணக்கு. அடுத்த ஆக்கள் காத்துக்கொண்டு நிண்டவை. நான் திரும்பி வரேக்கை கதவு மூடியிட்டுது. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரன், அங்கை வேலைசெய்யிறவன், அவன் அமத்திப்போட்டான்."

அம்மா மாயாவின் பக்கம் திரும்பினார். பிறகு, "அந்த மனிசன்ரை பேர் என்னவெண்டு பிள்ளையைக் கேள்" என்றார். கேட்டேன். தன் பெயரை அவர் சொல்லவில்லை, ஆனால் குனிந்து என்னுடைய பெயரைக் கேட்டார், என் கையையும் பிடித்துக்கொண்டார் என்றாள் மாயா. அதையும் சொன்னேன்.

அம்மா மாயாவைக் கிட்ட இழுத்து, அவளுடைய அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"நீ எழும்பிப் போ. மிச்சத்தை நாங்கள் கதைப்பம்."

எழும்பினேன், கதவைச் சாத்தினேன். உள்ளே மாயா டேனிஷில் தொடங்கினாள். அம்மா தமிழில் ஏதோ கேட்டார். அவள் டேனிஷில் பதில் சொன்னாள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பாதிகூட விளங்கியிருக்காது, ஆனாலும் இருவரும் நிறுத்தவில்லை. இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் வெளியே, சப்பாத்துகள் கழற்றி வைக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.