அக்காவின் மூன்று வார நகங்கள்

பத்து வயதில் எனக்கு நகங்களைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. ஆரணியில் அந்த விஷயத்தில் என்னைவிட விவரமான ஆள் இருக்க முடியாது என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். அம்மாவின் போனில் நகம் சம்பந்தப்பட்ட வீடியோ ஒன்று விடாமல் பார்த்திருந்தேன். போதாததற்குப் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் யாருக்கும் நகம் ஓர் அரிசி அளவுகூட வளர அனுமதி கிடையாது. வளர்ந்தால் இழையில் மாட்டும், மாட்டினால் பட்டு பிசிறு கட்டிக்கொள்ளும், அப்புறம் அந்தச் சேலையை எந்தக் கடைக்காரர் கையால் தொடுவார்? சனிக்கிழமை மாலையானால் எல்லோரும் உட்கார்ந்து நகம் வெட்டுவார்கள். நான் கழிவுப் பட்டில் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு சோதனைக்கு வந்துவிடுவேன். ஒவ்வொருவரும் விரலை அதன்மேல் இழுத்துக் காட்ட வேண்டும். ஒரு நூல் மாட்டினாலும் திரும்பப் போய்த் தேய்த்துவிட்டு வர வேண்டும். அப்பாவையே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆகவே, அக்காவின் திடப்படுத்தலுக்கு நகத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, அது என் இலாகா என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் சபையில் பத்தாவது முடிக்கிற வயதில்தான் இந்த ஆராதனை நடக்கும். பேராயர் வந்து பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஜெபிப்பார். அதன்பிறகே அவர்கள் முதல்முறையாக நற்கருணை வாங்கலாம். பெண்பிள்ளைகள் வெள்ளைச் சேலை கட்டி, முக்காடு போட்டு, இரண்டு கைகளையும் நீட்டி அப்பத்தை வாங்குவார்கள். சபை முழுவதும் பார்ப்பது அந்தக் கைகளைத்தான். அக்காவுக்கோ நகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை.

அந்த மே மாதத்தில் வீட்டில் வேறொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தறிகளுக்குப் பாவு பிணைத்துக் கொடுத்துவந்த பெண் கம்பெனி வேனில் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு முடிந்ததும், அதன் இழைமுனையோடு புதுப் பாவின் இழைமுனையைச் சேர்த்து, விரலால் முறுக்கி, ஒவ்வொன்றாக இணைக்கிற வேலை அது. ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கும். தறிகளுக்கெல்லாம் பெரியப்பாதான் பொறுப்பு. ஒருநாள் சாப்பிட வந்தவர், தட்டைப் பார்த்தபடியே அப்பாவிடம் சொன்னார்.

“பெரிய பொண்ணு ஒரு வருஷம் வூட்ல இருக்கட்டும்டா. முகூர்த்த ஆர்டர் தலைக்கு மேல கீது. அடுத்த வருஷம் பதினொன்னு சேத்துக்கலாம். ஸ்கூலு எங்க ஓடிடப் போவுது?”

அப்பா அண்ணன் பேச்சை ஒருநாளும் தட்டியவர் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அக்காவுக்கு உயிரியல் பிரிவில் சேர வேண்டும். நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அம்மா பெரியப்பாவுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள், அவ்வளவுதான். ஒரு வருஷம் வீட்டில் இருந்தவர்கள் திரும்பப் பள்ளிக்கூடம் போன கதை எங்கள் தெருவில் கிடையாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அது பெரியவர்கள் சமாச்சாரம். என் கவலை நகத்தோடு நின்றது.

நான் நன்றாக யோசித்து ஒரு தீர்ப்பு சொன்னேன். மருதாணி வேண்டாம், வெள்ளைச் சேலைக்கு அது கல்யாணக் களை கொடுத்துவிடும். வெறும் நகப்பூச்சும் வேண்டாம், பூசுவதற்கு இடமே இல்லை. ஃபேன்சி ஸ்டோரில் விற்கிற ஒட்டு நகம்தான் சரி. காலையில் ஒட்டிக்கொண்டு போனால் சாயங்காலம் வெந்நீரில் கழற்றிவிடலாம். மறுநாளே பட்டில் கை வைக்கலாம். பட்டுக்கும் பங்கமில்லை, பேராயருக்கும் குறையில்லை.

இவ்வளவு அறிவுபூர்வமான யோசனையை அம்மா கேட்ட மாதிரியே தெரியவில்லை. ஆராதனைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, எங்கள் இருவரையும் கடைத்தெரு மாடியில் இருந்த பியூட்டி பார்லருக்கு அழைத்துக்கொண்டு போனாள். எனக்குத் தெரிந்து அம்மா அந்தப் படியில் ஏறியதே இல்லை. பார்லர்காரம்மா வகைவகையாக எடுத்துக் காட்டினாள். அம்மா எதன் நிறத்தையும் பார்க்கவில்லை, விலையையும் கேட்கவில்லை.

“எது ரொம்ப நாளு நிக்கும்?” என்று மட்டும் கேட்டாள்.

“ஜெல் வெச்சி நீளம் பண்ணா மூணு வாரம் அசையாதுங்க. சமைக்கலாம், பாத்திரம் கழுவலாம்.”

“அதையே வெச்சிடுங்க. நல்லா நீட்டா.”

அக்கா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள்.

வேலை முடிகிறவரை நான் பக்கத்திலேயே நின்றேன். ஒட்டி, பூசி, சின்ன விளக்குப் பெட்டிக்குள் விரலை விட்டுக் காயவைத்து, வெளிர் ரோஜா நிறத்தில் பத்து நகங்களும் தயாராயின. அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே. பாவாடை ஜோபியிலிருந்து பட்டுக் கொத்தை எடுத்து அக்காவின் விரலுக்கடியில் வைத்து இழுத்தேன். நகத்தோடு பாதிக் கொத்து வந்துவிட்டது.

“அம்மா, மாட்டுது! இன்னும் தேய்க்கச் சொல்லும்மா!”

“யாருங்க இது, இன்ஸ்பெக்டரா?” என்று பார்லர்காரம்மா சிரித்தாள்.

“மாட்டுனா மாட்டட்டும். இன்னும் கொஞ்சம் நீளம் வருமாங்க?” என்றாள் அம்மா.

அரிசி அளவு நகத்துக்கே முதுகில் ஒன்று வைக்கிற அம்மாவா இது? பேராயர் வருகிறார் என்றதும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா முழங்காலிட்டு, கைகளை நீட்டி அப்பத்தை வாங்கினாள். அவளை அவ்வளவு அழகாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பாஸ்டரின் மனைவி மட்டும் அந்த நகங்களைப் பார்த்துவிட்டு, திரும்பி எங்கள் அம்மாவையும் பார்த்தார். அம்மா பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டு, வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினாள்.

திங்கட்கிழமை காலையிலேயே பெரியப்பா வந்துவிட்டார். தறியில் புதுப் பாவு ஏறியாகிவிட்டது, பிணைக்க ஆள் வேண்டும். அக்காவைக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றாள். அவர் பார்வை அவள் விரல்களுக்கு இறங்கியது.

“இன்னாம்மா இது? இத்த வெச்சிகினு இழையைத் தொட்டா பட்டு இன்னாத்துக்கு ஆவும்? எடுத்துப் போடு ஜல்தியா.”

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். “தெரியாம பண்ணிட்டங்க. மூணு வாரத்துக்கு அசையாதுன்னு சொல்லிட்டாங்க. பிச்சி எடுத்தா சொந்த நகமும் கூடவே வந்துடுமாம்.”

இந்த இடத்தில் என் அறிவு சும்மா இருக்குமா? அதற்கென்று ஒரு திரவம் இருக்கிறது, பஞ்சில் நனைத்து நகத்தைச் சுற்றி வைத்தால் அரைமணியில் கரைந்து வந்துவிடும் என்பதை எத்தனையோ வீடியோவில் பார்த்தவள் நான்.

“எடுக்கலாமே பெரியப்பா, அதுக்கு ஒரு...”

“பால் வாங்கினு வா, போ!” அம்மா என் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டாள். சமையலறையில் அன்றைக்கு வாங்கிய பால் காய்ந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லவும் எனக்கு நேரம் தரவில்லை.

“புத்தி கெட்ட வேலை, பேஜாரா போச்சு” என்று திட்டியபடி பெரியப்பா பக்கத்துச் சேவூருக்கு வண்டியை விட்டார். மத்தியானத்துக்குள் அங்கிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தார். அவள் கை வேகமாக இருந்தது. அடுத்த பாவுக்கும் அவளே வந்தாள், அதற்கடுத்ததற்கும் அவளே. தம்பி பெண்டாட்டிக்கு மூளை கிடையாது என்று பெரியப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாள். எனக்குத்தான் தெருவில் நடக்க வெட்கமாக இருந்தது. பெரியப்பா பக்கம்தான் நியாயம் என்று உறுதியாக நம்பினேன்.

அந்த வாரமே அம்மா அக்காவை டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய்ப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு வந்தாள். அப்பாவிடம் அவள் சொன்னது ஒரே காரணம்தான்: “சும்மாதான உக்காந்துகினு கீறா.” அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அம்மா தனியாகப் பூக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மனத்தில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். அந்த நகத்தை அரைமணியில் எடுத்திருக்கலாம், எனக்கு முதலிலிருந்தே தெரியும், நீதான் என்னைப் பேசவே விடவில்லை என்றேன்.

அம்மா பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எனக்கும் தெரியுண்டி” என்றாள்.

தெரிந்திருந்தால் அப்போதே எடுத்திருக்க மாட்டாளா? தெரியாததை ஒப்புக்கொள்ள மனம் வராமல் என்னிடம் பெருமைக்குச் சொல்லிக்கொள்கிறாள், பாவம் என்று தோன்றியது. பெரிய மனது பண்ணி, அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டேன்.