என்னை மாற்றியபின் வென்ற கிண்ணம்

கோச் வேலையில் ஒரு வசதி உண்டு. தோற்றால் பதினொரு பேரை மாற்ற ஏலாது, ஒருவரை மாற்றலாம். லண்டனில் ஊர்க் கல்லூரி அணிகளுக்குச் சம்பளமில்லாமல் பயிற்சி கொடுத்து ஏச்சு வாங்கியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என்னை நீக்கியதால்தான் எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் அணி திருந்தியது என்று எண்பதுகளின் கடைசியிலிருந்து ஒரு கதை உலவுகிறது. அதைச் சொன்னவன் எங்கள் கோல்கீப்பர் ரவி, எல்லா ஆட்டத்தையும் பின்னுக்கு நின்று பார்த்தவன். அதனால் கன வருடமாக அந்தக் கதையை என்னால் நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

நித்திரை

எங்கள் ஆட்டங்கள் ஞாயிறு காலையில். பெடியளில் பாதிப் பேர் பெற்றோல் ஸ்டேசனில் சனி இரவு ஷிப்ட் முடித்து, யூனிபோர்மோடு நேரே மைதானத்துக்கு வருவார்கள். ஒருநாள் எதிரணிக்காரன் பந்தோடு பக்கத்தால் ஓடியும், அவனை ஒட்டிநின்று மறிக்க வேண்டிய எங்கள் குகன் அசையவில்லை. நின்றபடியே நித்திரை. கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னான்:

"மார்க் பண்ணிக்கொண்டுதான் நிக்கிறன் அண்ணை."

குடைக்காரர்

அணியை நடத்திய பழைய மாணவர் கமிட்டியில் கணக்காளர் ஒருவர் இருந்தார். ஊரில் பந்தைக் கையால்கூடத் தொடாதவர். ஆட்டம் முழுக்க மடித்த குடையின் முனையால் எனக்கு வழி காட்டிக்கொண்டிருப்பார். களைத்த கால்களுக்கு ஏற்றபடி கிட்டக் கிட்டப் பாஸ் பண்ணி விளையாடச் சொன்னேன். அது கோழை ஆட்டம் என்றார்.

அந்தக் கோடைக் கிண்ணப் போட்டியில் அரையிறுதியில் தோற்றோம். அடுத்த கிழமை கிங்ஸ்பரியில் ஒரு வீட்டில் கமிட்டி கூடியது. ஏன் தோற்றோம் என்று எவரும் பெடியளைக் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. குடைக்காரர் மட்டன் ரோலை விழுங்கிவிட்டு முடிவைச் சொன்னார்:

"நீர் நல்ல மனுசன், அதில பிழையில்லை. ஆனா பெடியளுக்கு ஒரு மாற்றம் வேணும்."

உப்புப் போத்தல்

என் இடத்துக்கு நேசன் அண்ணை வந்தார். கல்லூரியில் எனக்கு மேல் வகுப்பில் படித்தவர், வெம்பிளிப் பக்கம் பெற்றோல் ஸ்டேசன் நடத்துபவர். அடுத்த கோடையே கிண்ணம் வென்றார்கள். விம்பிள்டன் கோயிலில் ரவி என்னைக் கண்டு, கோச்சை மாற்றியதும் பெடியளே மாறிவிட்டார்கள், குறை நினைக்க வேண்டாம் என்றான்.

குறை நினைக்காமல் எப்படி இருப்பது? நான் சொல்லிக்கொடுத்த ஆட்டமே பிழையோ என்று, சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தல், மிளகுப் போத்தல், ஊறுகாய்ப் போத்தல் எல்லாவற்றையும் அணியாக நிறுத்தி, பழைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தேன். மனைவி சோற்றுக்கோப்பையோடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போத்தலெண்டாலும் நீங்கள் சொன்ன இடத்தில நிக்குது. இனிச் சாப்பிடுவமோ?"

நேசன் அண்ணை தந்த பயிற்சி

சில வருடங்கள் வென்றபின், ஒருமுறை தோற்றதும் நேசன் அண்ணையையும் நீக்கினார்கள். அவர் பெற்றோல் ஸ்டேசனை விற்றார். அடுத்த கோடையில் புதுக் கோச்சோடு அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. குடைக்காரர் மறுபடியும் மாற்றம் வேண்டும் என்றார். அந்தச் சாட்டில் நேசன் அண்ணைக்குப் போன் எடுத்து ஆறுதல் சொன்னேன். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, சிரித்தார்.

"எனக்கு உதைபந்தாட்டத்தில என்ன தெரியும்? பெடியளில அரைவாசிப் பேர் என்னட்டத்தானே வேலை செய்தவங்கள். மட்ச் இருந்தா சனி இரவு ஷிப்டில போடாமல் விட்டன். அவ்வளவுதான் நான் குடுத்த கோச்சிங்."

போனை வைத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. நான் கோச்சாக இருந்த காலத்தில் அதே பெடியளை அதே சனி இரவுகளில் வேலைக்குப் போட்டவரும் இவர்தான்.

கேள்வி

போன மாதம் ஹரோவில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலில், பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ரவியைக் கண்டேன். அணி இன்னும் தோற்கிறதாம், கமிட்டி இன்னொரு கோச்சைத் தேடுகிறதாம். பக்கத்தில் நின்ற தகப்பன்மாருக்கு, முந்தி ஒருக்கால் கோச்சை மாற்றித்தான் கிண்ணம் வென்றோம் என்று, நான் நிற்கிறேன் என்ற கூச்சமும் இல்லாமல் விளக்கிக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் வாயை மூடியிருந்த நான், அவர்கள் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி அவனிடம் கேட்டேன்:

"ரவி, நீங்கள் வெண்டது என்னை மாத்தினதாலயோ, உங்கட ஷிப்டை மாத்தினதாலயோ?"