பானெட்டுக்கு அந்தப் பக்கம்

கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நடந்தது நடந்ததுதான். நள்ளிரவில் நடக்கவில்லை, சுடுகாட்டிலும் நடக்கவில்லை. பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பத்து இருபதுக்கும் பதினொன்று ஐம்பதுக்கும் நடுவில், யார்க்ஷயரில் ஹாலிஃபாக்ஸ் ஊரின் மேட்டுத் தெரு ஒன்றுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் கார் கொட்டகைகளில் ஏழாவதில் நடந்தது. அப்போது அங்கே இருந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் இன்றைக்கும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

ஒருவர் நெவில் ஹார்கிரீவ். வயது அறுபத்து மூன்று. கம்பள ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். பேய், சாமி, ஜோசியம் எதிலும் நம்பிக்கை இல்லாதவர்.

செப்டம்பரில் அவருடைய மனைவி டெனிஸ் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நெவில் அழவில்லை. அடக்கிக்கொண்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அடக்குவதற்கு அவரிடம் எதுவும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்கும்? தொட்டால் தெரியும், ஆனால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்கும். ஐந்து மாதமாக அவருக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. டிசம்பரில் ஒருநாள் கெட்டில் தண்ணீர் கையில் கொட்டியது. கொப்புளத்தைப் பார்த்தது மறுநாள் காலையில்தான்.

அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலை. கார்.

ஆறு சிலிண்டர் கார். அவருக்குப் பதினோரு வயதாக இருந்தபோது செய்த வண்டி. பெட்ரோலை அழுத்தி உள்ளே பீய்ச்சும் இன்ஜெக்ஷன் அமைப்போடு வந்தது. அந்த அமைப்பு போன வருடம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. போனால் போகிறது என்று அதை முழுதாகக் கழற்றிவிட்டு, பழைய முறைப்படி இரண்டு கார்புரேட்டர்களை மாட்ட முடிவு செய்தார். ஆகஸ்டில் கழற்ற ஆரம்பித்தார். டெனிஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் ஆகஸ்டில்தான்.

தன் சாம்பலை விட்பி கடற்கரையில் தூவ வேண்டும், அதுவும் இந்தக் காரில்தான் கொண்டுபோக வேண்டும் என்று டெனிஸ் சொல்லியிருந்தாள். கல்யாணமான புதிதில் இருவரும் முதலில் போன இடம் அது. அவளுடைய பிறந்தநாள் பிப்ரவரி இருபத்தொன்று. அதற்குள் வண்டி ஓட வேண்டும்.

அந்தச் சனிக்கிழமையில் இருந்து எண்ணினால் எட்டு நாள் பாக்கி.

பத்து இருபதுக்குக் கொட்டகைக் கதவைத் தூக்கினார். வெளியே மழையும் இல்லாத வெயிலும் இல்லாத சாம்பல் வெளிச்சம். காரின் மூக்கு உள்சுவரைப் பார்த்து நின்றது. பின்பக்கம்தான் வாசல். பானெட்டைத் திறந்தால் அது முன்கண்ணாடிப் பக்கமாக மேலே எழும்பிச் சுவர் மாதிரி நின்றுவிடும். முன்னால் நின்று வேலை செய்பவருக்கு ஓட்டுநர் இருக்கையும் தெரியாது, வாசலும் தெரியாது.

சாவியைப் போட்டு வைத்தார். முன்னால் வந்தார். இரண்டு கார்புரேட்டர்களிலும் எண்ணெய் விட்டார். பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. இனி ஒருவர் உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். மற்றவர் கார்புரேட்டரின் வாயைக் கையால் மூடிப் பெட்ரோலை இழுக்க வைக்க வேண்டும். பக்கத்துக் கொட்டகைக்காரர் ஷௌகத், டாக்ஸி ஓட்டுபவர், ஒரு மணிக்கு வந்து உதவுவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை மற்ற வேலைகளைப் பார்க்கலாம் என்பதுதான் நெவிலின் எண்ணம்.

குனிந்தார். முதல் கார்புரேட்டரின் வாயில் உள்ளங்கையை வைத்தார். முப்பத்தைந்து வருடப் பழக்கம் வாயில் இருந்து தானாக வந்தது.

"சரி, செல்ஃப் அடி."

ஸ்டார்ட்டர் சுற்றியது.

ர்ர்... ர்ர்... ர்ர்... ர்ர்...

"போதும்."

நின்றது.

நெவிலுக்கு எதுவும் தோன்றவில்லை. இதை அவர் பிறகு பலமுறை சொன்னார். திடுக்கிடவில்லை, யோசிக்கவும் இல்லை. கல்யாணமான நாளில் இருந்து எந்தக் காரைப் பிரித்தாலும் டெனிஸ்தான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புவாள். நெவில் சொல்வார், அவள் திருப்புவாள். மரத்துப்போன மூளைக்கு அது சரியாகவே பட்டது. பிளக் ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து மாட்டினார்.

"இன்னொரு தடவ."

ர்ர்... ர்ர்... படார்!

கார்புரேட்டர் வாயில் இருந்து நீலத் தீ ஒரு சாண் எழுந்து அடங்கியது. புருவம் பொசுங்கிய நாற்றம். ஈரத் துணியைப் போட்டு அமுக்கினார். கோளாறு அவருக்குப் புரிந்துவிட்டது. இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றும்போது சிலிண்டர்களுக்குப் பொறியைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டும் கூடவே வந்திருந்தது. திரும்பப் போட்டபோது எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டது. பொறி பாதிச் சுற்றுத் தள்ளி விழுகிறது. தண்டை வெளியே எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். நாற்பது நிமிட வேலை.

செய்தார். நடுநடுவே சொன்னார். "கொஞ்சம் சுத்து." சுற்றியது. "நிறுத்து." நின்றது. "துளியூண்டு." துளியூண்டு சுற்றியது.

சில விஷயங்கள் சரியாக இல்லை. அவை அவர் கண்ணிலும் காதிலும் பட்டன. உள்ளே போகவில்லை, அவ்வளவுதான்.

கார் வலது பக்கம் சாய்ந்திருந்தது. ஓட்டுநர் இருக்கை உள்ள பக்கம். முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மூன்று விரல் நுழையும் இடத்தில் அன்று ஒரு விரல்கூட நுழையவில்லை.

ஒரு தடவை அவர் சொல்வதற்கு முன்பே ஸ்டார்ட்டர் சுற்றியது. வாயை மட்டும்தான் திறந்திருந்தார்.

டெனிஸ் உட்கார்ந்தால் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பாள். இன்று பாட்டு இல்லை.

பதினொன்று இருபத்தைந்து. கையில் ஸ்பேனர். அப்போதுதான் அது உள்ளே இறங்கியது.

டெனிஸ் செத்துப்போய் ஐந்து மாதம் ஆகிறது.

கை அப்படியே நின்றது. பானெட்டின் உள்பக்கம் மூக்குக்கு நேராக இருந்தது. பெயிண்ட் உரிந்த இடம். துரு. அதற்கு அந்தப் பக்கம்... இரண்டு முழத் தூரத்தில்... யாரோ மூச்சு விடுகிறார்கள்.

பயம் வந்ததா என்று கேட்டால், வந்தது என்றுதான் சொல்வார். ஆனால் அந்தப் பயமும் கன்னத்தில் ஊசி போட்ட பயம். வயிற்றில் எங்கோ தூரத்தில் கிடந்தது. சுற்றிப் போய்ப் பார்க்க நான்கு எட்டுப் போதும். அவர் போகவில்லை. பார்த்தால் அவள் இருக்க மாட்டாள் என்று தோன்றியது. பார்க்காத வரைக்கும் இருப்பாள்.

அதனால் குனிந்தபடியே பேசினார்.

யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். டெனிஸின் தங்கையிடம், டாக்டரிடம், துக்கம் கேட்க வந்த பாதிரியாரிடம், யாரிடமும் சொல்லாதது. செப்டம்பர் பத்தொன்பது, மாலை ஆறு பத்து. இதே கொட்டகை. இதே இடம். கார்புரேட்டரைப் பிரித்துக் கையில் வைத்திருந்தார். மேசைமேல் போன் அடித்தது. டெனிஸின் பெயர் வந்தது. ஆறு நாற்பதுக்கு அவள் போய்விட்டாள்.

"ஒரு தடவதான் அடிச்சுது, டெனிஸ்," என்றார். "கை பூரா பெட்ரோல். கழுவிட்டுக் கூப்பிடலாம்னு... ஒரே ஒரு தடவதான் அடிச்சுது."



டொக், டொக்.

கண்ணாடியில் விரல் முட்டியால் தட்டும் சத்தம். கொட்டகைச் சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்தொன்று. பிறகு ஏதோ தணிந்த குரல். வார்த்தை பிடிபடவில்லை.



நெவில் உள்ளங்கையைக் கார்புரேட்டர் வாயில் வைத்தார்.

"சரிம்மா. செல்ஃப் அடி."

ர்ர்... ர்ர்...

கார்புரேட்டர் அவர் உள்ளங்கையைக் கவ்வி இழுத்தது.

அந்த இழுப்பை அவர் உணர்ந்தார். ஐந்து மாதத்தில் முதல்முறையாக, தன்னுடைய கையாக.

கையை எடுத்தார்.

எஞ்சின் பிடித்தது.

ஆறு சிலிண்டரும். ஒன்றுகூடத் தவறாமல்.

மணி பதினொன்று நாற்பத்தேழு.

மூன்று நிமிடம் ஓடவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. புகையால் இல்லை.

"போதும்மா."

சாவி திரும்பியது. எஞ்சின் அடங்கியது.

காரின் வலது பக்கம் மெல்ல... மெல்ல... மேலே எழுந்தது.

சுற்றி வந்து பார்த்தார். யாரும் இல்லை. ஓட்டுநர் இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. டெனிஸ் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. எப்போதும் இருக்கையை ஸ்டீயரிங்கோடு ஒட்டி வைத்துக்கொள்வாள். நெவில் அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு, போன தடவை தானே தள்ளியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்வது அன்றைக்குச் சுலபமாக இருந்தது.

ஒரு மணிக்கு ஷௌகத் வரவில்லை. விமான நிலையத்துக்குச் சவாரி கிடைத்ததாகச் செய்தி அனுப்பியிருந்தார்.

அன்று இரவு நெவில் எட்டு மணி நேரம் தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை முட்டையும் பன்றிக்கறியும் பொரித்துச் சாப்பிட்டார், உப்பு கூடியிருப்பது நாக்குக்குத் தெரிந்தது. டெனிஸின் தங்கைக்குப் போன் செய்து, வண்டி ஓடுகிறது, அடுத்த ஞாயிறு விட்பிக்குப் போகலாம் என்றார். அவர் குரலில் ஏதோ மாறியிருக்கிறது என்று தங்கை தன் வீட்டுக்காரரிடம் சொன்னாளாம்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்குக் கொட்டகை வாசலில் ஷௌகத்தைப் பார்த்தார். அவர் டாக்ஸியின் கண்ணாடித் துடைப்பானை மாற்றிக்கொண்டிருந்தார்.

"வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சு போலயே," என்றார் ஷௌகத். "என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க, அதான் ஆள் வச்சிருந்தீங்களே."

எந்த ஆள் என்று நெவில் கேட்டார்.

சனிக்கிழமை காலையில் ஜாக்கி எடுக்க வந்தேன், என்றார் ஷௌகத். உங்கள் கொட்டகை திறந்திருந்தது. மதியம் வர முடியாதென்று நேரில் சொல்லிவிடலாம் என்று எட்டிப் பார்த்தேன். நீங்கள் அந்தக் கோடியில் பானெட்டுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்தீர்கள். டிரைவர் சீட்டில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தரா?"

"பெரிய ஆளு. தலை கூரையில இடிக்குது. கறுப்புக் கோட்டு, கழுத்து வரைக்கும் பட்டன். உங்க அண்ணனோன்னு நெனச்சேன்."

நெவிலுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

"என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?"

ஷௌகத் துடைப்பானைக் கீழே வைத்தார். சொல்லலாமா என்று யோசிப்பவர் போல இருந்தது அவர் முகம்.

"வாய் அசைச்சுக்கிட்டிருந்தாரு. சத்தமே இல்ல. நீங்க அங்க பேசப் பேச... அந்தந்த வார்த்தைக்கு இவரு வாயும் அசையுது. முன்னாடியே தெரிஞ்ச மாதிரி."

நெவில் கொட்டகைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. சரி, சொல்லிட்டுப் போயிருவோம்னு கண்ணாடியத் தட்டினேன். இறக்கினாரு. உள்ள இருந்து வந்த குளிரு இருக்கே, ஐஸ் பெட்டியத் திறந்த மாதிரி. ஒரு மணிக்கு வர முடியாதுன்னு நெவில்கிட்ட சொல்லிருங்கன்னேன். அதுக்கு அவரு சம்பந்தமே இல்லாம ஒண்ணு சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"'ஒரு தடவ இல்ல. மூணு தடவ அடிச்சுது.' அவ்வளவுதான். கண்ணாடிய ஏத்திட்டாரு." ஷௌகத் தோளைக் குலுக்கினார். "செல்ஃப் அடிச்சதத்தான் சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டேன்."

நெவில் ஏழாம் எண் கதவை இழுத்து மூடினார். பூட்டினார். விட்பிக்கு டெனிஸின் சாம்பல் பஸ்ஸில் போனது. கார் இன்னும் உள்ளேதான் நிற்கிறது. பழையபடி கெட்டில் தண்ணீர் கொட்டினாலும் அவருக்குத் தெரிவதில்லை.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி போன் ஆறு பத்துக்கு ஒரு தடவை அடித்தது. ஆறு பதினான்குக்கு ஒரு தடவை. ஆறு இருபத்திரண்டுக்கு ஒரு தடவை. அன்று இரவே அந்த மூன்றையும் அவர் போனில் இருந்து அழித்துவிட்டார்.

போன் அடித்தபோது அந்தக் கொட்டகையில் அவர் தனியாகத்தான் இருந்தார். ஷௌகத் சொல்லும்வரை அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.