வாரேன்னு சொல்லுடா

என் அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயது. கோச்சடையில் யாரோ நிறுத்தியிருந்த சைக்கிளைத் திருடி விற்றுவிட்டான். அது முதல் திருட்டும் அல்ல. போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வேற்று ஆண்களிடம் கதவுக்குப் பின்னால் நின்றே பேசுகிற அம்மா, அன்று வாசலை மறித்து நின்றாள். "தப்புப் பண்ணியிருக்கான், கூட்டிட்டுப் போங்க. ஆனா சோத்துல கை வச்சவன எழுப்பாதீக."

அவர் காத்திருந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. சைக்கிள் விற்ற காசில் அண்ணன் வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்த பயல்களும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள்.

கை கழுவிவிட்டு அண்ணன், "போறேம்மா" என்றான். எங்கள் ஊரில் கிளம்புகிறவர் அப்படிச் சொல்லக்கூடாது. "வாரேன்" என்று சொன்னால்தான் திரும்பி வருவார் என்று நம்பிக்கை. அம்மா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாரேன்னு சொல்லுடா."

"நேரமாச்சு, விடும்மா" என்றார் போலீஸ்காரர்.

"அவன் சொல்லாம விடமாட்டேன்."

தரையைப் பார்த்தபடி, "வாரேன்" என்றான்.

சீர்திருத்தப் பள்ளியில் காய்ச்சல் கண்டு, அங்கேயே செத்துப்போனான்.

அதற்குப் பிறகு, பள்ளிக்கூடம் கிளம்பும்போது நான் "வாரேம்மா" என்றால் அம்மா சீறுவாள்.

"போறேன்னே சொல்லுடி. வாரேன்னு சொன்னவன் வந்துட்டானா?"